ஆங்கிலத்தில் ஒரு பத்தி ஒழுங்காக எழுத: கேள்விகளும் பதில்களும்

கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். வருடம் முழுக்க விடைத்தாள் திருத்துகிற வேலை. பிழை திருத்துவதைவிட, ‘இந்தப் பத்தி என்ன சொல்ல வருகிறது?’ என்று ஓரத்தில் எழுதுவதுதான் அதிகம். வந்த கேள்விகளுக்குக் கீழே பதில் சொல்லியிருக்கிறேன். உதாரணங்களின் கட்டுமானம்தான் முக்கியம் என்பதால் அவற்றைப் பெரும்பாலும் தமிழிலேயே தருகிறேன்.

பி.காம். மாணவி, தஞ்சாவூர்: சார், ஒரு பாராகிராஃபுக்கு எத்தனை வரி இருக்கணும்? ஸ்கூலில் பத்து வரி என்றார்கள்.

வரிக்கணக்கு எல்லாம் கிடையாதும்மா. பரீட்சைக் கட்டுரை என்றால் 5 முதல் 8 வாக்கியம் வரும், அவ்வளவுதான். எண்ணுவதை விட்டுவிட்டு, எழுதி முடித்ததை ஒரே வாக்கியத்தில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். நடுவில் ‘அப்புறம் இன்னொரு விஷயம்’ என்று வந்தால் அந்த இடத்தில் வெட்டி அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், மதுரை: டாபிக் சென்டென்ஸ் என்றால் தலைப்பையே ஒரு வாக்கியமாக எழுதுவதுதானே?

பாதிப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். ‘தண்ணீர்’ என்பது தலைப்பு. தண்ணீரைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதுதான் டாபிக் சென்டென்ஸ். ‘வாட்டர் இஸ் வெரி இம்பார்ட்டன்ட்’ என்று தொடங்குகிறார்கள். இதை யார் மறுக்கப் போகிறார்கள்? மறுக்க ஆளில்லாத வாக்கியத்துக்கு ஆதாரமும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். இரண்டாவது வாக்கியத்திலேயே சரக்கு தீர்ந்துபோவது அதனால்தான். ‘தொழில்நுட்பம் உலகையே மாற்றிவிட்டது’ என்பது எதிர்ப்பக்கத் தவறு: அதை நிரூபிக்க ஒரு புத்தகமே எழுத வேண்டும். ‘எப்படி?’ அல்லது ‘ஏன் அப்படிச் சொல்கிறாய்?’ என்று படிப்பவர் கேட்க வேண்டும், ஏழெட்டு வாக்கியத்தில் நீங்கள் பதில் சொல்லி முடிக்கவும் முடிய வேண்டும். அந்த அளவுக்கு வாக்கியத்தைக் குறுக்குங்கள்.

பொறியியல் மாணவர், சென்னை: சென்னைத் தண்ணீர்ப் பிரச்சினை பற்றி நான் எழுதிய பத்தியை அனுப்பியிருக்கிறேன் சார். கிராமர் எல்லாம் சரிபார்த்துவிட்டேன். ஆனாலும் 10க்கு 4 மார்க்தான். எங்கே தப்பு?

அனுப்பிய பத்தி, சுருக்கமாகத் தமிழில்: “மனித வாழ்வுக்குத் தண்ணீர் மிக முக்கியம். சென்னை தமிழ்நாட்டின் தலைநகரம். 2019இல் சென்னையில் கடும் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. மக்கள் குடங்களோடு நின்றார்கள். ரயிலில் தண்ணீர் வந்தது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. 2015இல் வெள்ளமும் வந்தது. எனவே நாம் தண்ணீரைச் சேமிக்க வேண்டும்.”

கிராமர் சரிதான் தம்பி. ஒவ்வொரு வாக்கியமும் உண்மையும்கூட. ஆனால் எதை எடுத்துவிட்டாலும் மற்றவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவதையும் ஏழாவதையும் இடம் மாற்றினாலும் யாருக்கும் தெரியாது. அப்படியென்றால் இது பத்தி இல்லை, குறிப்புகள்.

‘இவ்வளவு தெரிந்த நீ இதிலிருந்து என்ன சொல்ல வருகிறாய்?’ என்று தம்பியிடம் கேட்டேன். “மழை வருது சார், பிடித்து வைக்கத்தான் இடமில்லை” என்றார். அதைத்தானே முதல் வாக்கியமாக எழுதியிருக்க வேண்டும்! ஆங்கிலத்தில்: ‘சென்னை டஸ் நாட் லாக் ரெய்ன்; இட் லாக்ஸ் பிளேசஸ் டு கீப் இட்.’

இனி ஒவ்வொரு வாக்கியமும் இந்த முதல் வாக்கியத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். தண்ணீர் முக்கியம், சென்னை தலைநகரம் இரண்டும் கணக்குச் சொல்லாது, அடித்துவிடலாம். ‘மழை குறைவில்லை’ என்றதற்கு எண் வேண்டும்: சராசரியாக வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. இதைப் படிப்பவருக்கு அது அதிகமா குறைவா என்று தெரியாதே! எப்போதும் மழை ஊர் என்று பெயர் வாங்கிய லண்டனுக்குச் சுமார் 600தான் என்று பக்கத்திலேயே போடுங்கள். அடுத்து, இவ்வளவு பெய்தும் ஏன் போதவில்லை? பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது, அப்போது பிடிக்காதது கடலுக்குப் போய்விடுகிறது. 2015 வெள்ளம் இப்போதுதான் உள்ளே வரத் தகுதி பெறுகிறது. அந்த டிசம்பரில் மூழ்கிய நகரம், நாலு வருடம்கூட ஆகாமல், 2019 ஜூலையில், 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்த தண்ணீரைக் குடித்தது. தனித்தனியாகக் கிடந்தபோது செய்தித்தாள் துணுக்கு மாதிரி இருந்த இரண்டும், இப்படி எதிரும் புதிருமாக நிறுத்தியதும் வாதமாகிவிட்டன.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. 2018இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, 2019 தட்டுப்பாட்டில் அதற்கும் பெரிய பங்கு உண்டு. விவரம் தெரிந்த எக்ஸாமினர் படித்ததும் அதைத்தான் கேட்பார். ஆகவே ‘ஆல்தோ’ போட்டு ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்: முந்தைய வருடம் மழை பொய்த்தது உண்மைதான் என்றாலும், நல்ல வருடங்களில் பெய்ததைச் சேர்த்து வைத்திருந்தால் அடி இவ்வளவு பலமாக விழுந்திருக்காது. ஒப்புக்கொண்டதால் வாதம் இளைக்காது, நம்பிக்கைதான் கூடும்.

2003 சட்டம்? நல்ல விஷயம், ஆனால் அது ‘என்ன செய்தோம்’ என்ற அடுத்த பத்திக்குரியது. கடைசியில் ‘எனவே நாம் சேமிக்க வேண்டும்’ என்பதை எடுத்துவிடுங்கள். மேடையில் பேசும்போது வைத்துக்கொள்ளலாம்.

அதே மாணவர்: சரி சார், ஆனால் வாக்கியங்கள் ஒட்டவில்லையே. மோரோவர், ஃபர்தர்மோர் போடலாமா?

அவை பசை இல்லை, லேபிள். ஒட்டாத இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ‘மோரோவர்’ போட்டால் ஒட்டாமல் இருப்பது இன்னும் எடுப்பாகத் தெரியும்.

நமக்குத் தெரிந்த வழியே இருக்கிறது: அந்தாதி. ஒரு பாட்டு முடிந்த சொல்லில் அடுத்த பாட்டு தொடங்குகிறதல்லவா, ஆங்கில உரைநடை அதையே சத்தமில்லாமல் செய்கிறது. ‘சென்னைக்கு வருடம் 1,400 மில்லிமீட்டர் மழை. இந்த மழையில் பாதிக்கும் மேல் மூன்றே மாதத்தில் பெய்கிறது. அந்த மூன்று மாதத்தில் பிடிக்காதது கடலுக்கு.’ படிப்பவருக்குத் தெரிந்தது முன்னால், புதியது பின்னால். அந்தப் புதியதே அடுத்த வாக்கியத்துக்குத் தெரிந்ததாகிவிடுகிறது. ‘திஸ் ரெய்ன்’, ‘தீஸ் மன்த்ஸ்’ போன்ற சின்னச் சொற்கள் போதும். வெறும் ‘திஸ்’ என்று நிறுத்தாதீர்கள். எது என்று தேட வேண்டியிருக்கும். இணைப்புச் சொல்லைத் திசை மாறும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ‘ஹவெவர்’ மாதிரி. அதுவும் கமா போட்டுவிட்டு ‘ஹவெவர்’ என்று அடுத்த வாக்கியத்தை ஒட்டவைக்கக் கூடாது. முற்றுப்புள்ளி வைத்துப் புது வாக்கியம், இல்லையென்றால் செமிகோலன்.

செவிலியர், நாகர்கோவில்: ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்கில் 6ஐத் தாண்ட முடியவில்லை. பத்தி பிரிப்புக்குத் தனி மார்க் உண்டா சார்?

தனியாக இல்லை. வெளிநாடு போகிறவர்கள் எழுதும் இந்த ஆங்கிலத் தேர்வின் ரைட்டிங்கில் நான்கு அளவுகோல், நான்குக்கும் சம எடை. அதில் ‘கோஹியரன்ஸ் அண்ட் கோஹிஷன்’ (கருத்தோட்டமும் இணைப்பும்) என்பதற்குள் பத்தி அமைப்பு வருகிறது. கட்டுரை எழுதுகிற டாஸ்க் 2க்கு டாஸ்க் 1ஐப் போல இரண்டு மடங்கு மதிப்பு, குறைந்தது 250 சொல், 40 நிமிடம். முன்னுரை, இரண்டு பெரிய பத்தி, முடிவுரை என்று போனால் நேரத்துக்குள் முடியும். ஒரு பெரிய பத்தியில் மூன்று காரணத்தை அடுக்காமல், ஒரே காரணத்தை எடுத்து உதாரணத்தோடு கடைசிவரை கொண்டுபோங்கள். ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் பேனாவைத் திறக்காமல், இரண்டு பத்திக்கும் முதல் வாக்கியம் என்ன என்று மட்டும் யோசியுங்கள். 6இல் நிற்பவர்களில் பலர் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்: வணக்கம் சேர். பிள்ளைகளுக்கு ‘பீல்’ முறை சொல்லிக் குடுக்கிறன்: பாயின்ட், எவிடன்ஸ், எக்ஸ்பிளனேஷன், லிங்க். எல்லாப் பத்தியும் ஒரே அச்சில வருது. விட்டுடலாமோ?

வணக்கம் டீச்சர். தொடங்குகிற பிள்ளைகளுக்கு விட வேண்டாம். ‘லிங்க்’கை மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள். முதல் வாக்கியத்தையே வேறு சொல்லில் திருப்பி எழுதுவதுதான் லிங்க் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள், அந்த அச்சு வாசனை அங்கிருந்துதான் வருகிறது. உண்மையில் அவர்கள் தடுமாறுவது ‘எக்ஸ்பிளனேஷ’னில். ஆதாரத்தைப் போட்டதும் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுவார்கள். ‘சரி, அதனாலென்ன?’ என்று ஒவ்வொரு ஆதாரத்துக்குப் பிறகும் கேட்கப் பழக்குங்கள்.

மென்பொருள் ஊழியர், கோவை: பெரிய எழுத்தாளர்கள் யாரும் முதல் வரியில் டாபிக் சென்டென்ஸ் வைப்பதாகத் தெரியவில்லையே? இதெல்லாம் வாத்தியார்கள் கிளப்பிவிட்டதுதானே?

பாதி உண்மை, ஒத்துக்கொள்கிறேன். பத்திக்கு விதிமுறைகளை முறையாக வகுத்துக் கொடுத்தவர் அலெக்சாண்டர் பெய்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், அபர்டீன் பேராசிரியர், 1866இல். ஆக, வாத்தியார்தான்! 1974இல் ரிச்சர்ட் பிராடக் என்பவர் அமெரிக்க இதழ்களில் வந்த தேர்ந்த எழுத்தாளர்களின் கட்டுரைகளை எடுத்து எண்ணிப் பார்த்தார். டாபிக் சென்டென்ஸில் தொடங்கிய பத்திகள் 13 சதவீதம்தான்.

ஆனால் அந்த இதழ்களைப் படிக்கிறவர் சாவகாசமாகப் படிக்கிறார். உங்கள் எக்ஸாமினருக்கோ மேனேஜருக்கோ அந்தப் பொறுமை கிடையாது. அடுத்தது, சொல்ல வந்தது வாக்கியமாக வெளியே தெரியாத பத்தியிலும் எழுதியவர் மனதில் அது தெளிவாக இருக்கும். ஒளித்து வைப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

அதே ஊழியர்: ஆபீஸ் மெயிலுக்கும் இதே விதியா?

இன்னும் கறாராக. என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்பதை முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள், காரணம் பிறகு. ஒரே வாக்கியத்தில் ஒரு பத்தி என்றாலும் மெயிலில் தப்பில்லை. நீளமாகப் பின்கதை சொல்லிவிட்டுக் கடைசியில் ‘ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்’ என்றால், எது நீட்ஃபுல் என்று கேட்டு இன்னொரு மெயில் வரும்.

இல்லத்தரசி, சேலம்: தமிழில் யோசித்துத்தான் ஆங்கிலத்தில் எழுத வருகிறது. வாக்கியம் நீண்டுகொண்டே போகிறது. என்ன செய்வது?

தமிழில் யோசிப்பது குற்றமே இல்லைங்க. சிக்கல் வேறு. ‘மழை பெய்து, ஏரி நிரம்பி, கரை உடைந்து, ஊருக்குள் தண்ணீர் புகுந்தது’ என்று தமிழில் ஒரே மூச்சில் சொல்லலாம். பெய்து, நிரம்பி, உடைந்து எல்லாம் எச்சங்கள், கடைசியில் ஒரே ஒரு வினைமுற்று வந்து அத்தனையையும் தாங்கிக்கொள்ளும். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் கமாவும் ‘அண்ட்’டுமாக நீளும். எச்சம் வருகிற இடத்தில் முற்றுப்புள்ளி வைக்க முடியுமா என்று பாருங்கள். நாலும் நாலு குட்டி வாக்கியமாக வேண்டியதில்லை. கடைசி இரண்டை ‘வென்’ போட்டுச் சேர்க்கலாம்: கரை உடைந்தபோது தண்ணீர் ஊருக்குள் வந்தது. எது முக்கியமோ அதை மெயின் கிளாஸாக, அதாவது தனியாக நிற்கக்கூடிய வாக்கியப் பகுதியாக, வையுங்கள், மற்றதை ‘வென்’, ‘பிகாஸ்’ பக்கம் தள்ளுங்கள்.

ஒரு வாரம், தினம் ஒரு பத்தி. காலையில் வீட்டில் நடந்ததை எழுதினாலே போதும். எழுதிய பிறகு சத்தமாகப் படியுங்கள், மூச்சு முட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். வார முடிவில் அந்தக் கோடு போட்ட தாள்களை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.