தூக்கக் குளிசை யாருக்காக? முதியோர் நலக் கேள்வி-பதில்

நாங்கள் மாமியை அடிப்பதில்லை, ஏசுவதில்லை. கவனிக்க நேரமில்லை, அவ்வளவுதான். இதுவும் கொடுமையா? (சுன்னாகம்)

ஆம். அமெரிக்காவின் நியூ ஹேவனில் 1982 முதல் ஏறத்தாழ 2,800 முதியவர்களைப் பதின்மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாகப் பதிவானவர்களில் கடைசிவரை உயிருடன் இருந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இத்தகைய பதிவு எதுவும் இல்லாதவர்களில் நாற்பது பேர். வயதையும் நோயையும் கணக்கில் எடுத்த பின்பும் மரண ஆபத்து மூன்று மடங்காக நின்றது.

அப்பா மெலிந்துகொண்டே போகிறார். நல்ல சத்துமா சொல்லுங்கள். (டொரன்டோவிலிருந்து மகன்)

வயது இல்லை, நிறை இல்லை, நீரிழிவு உண்டா என்பதும் இல்லை. சோதிடத்திலா பார்க்கச் சொல்கிறீர்கள்? அவருடைய கோப்பையில் என்ன விழுகிறது, நீங்கள் அனுப்பும் காசு யார் கையில் போகிறது என்று முதலில் விசாரியுங்கள். மாதம் ஒருமுறை நிறை பாருங்கள். எப்போதும் சொல்வதுதான்.

அம்மாவுக்கு மறதி நோய். இரவெல்லாம் கூப்பிடுகிறார். தூக்கக் குளிசையை இரண்டாக்கலாமா? (கோப்பாய்)

ஆக்காதீர்கள். அந்த ஒன்றையே யார் எழுதித் தந்தார்கள்? பக்கத்து வீட்டு ஐயாவுக்குக் கேட்டதாம் என்று வாங்கிக் கொடுக்கிறவர்களைப் பார்த்து அலுத்துவிட்டேன். அரைமயக்கத்தில் எழுந்தால் விழுவார். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் நான்கில் ஒருவர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. எழாமல் கிடந்தால் படுக்கைப்புண். மயக்கத்தில் ஊட்டினால் சோறு சுவாசப்பைக்குள் போய் நியூமோனியா. மரணச் சான்றிதழில் நியூமோனியா என்றுதான் இருக்கும், குளிசையின் பெயர் வராது. மனநோய்க் குளிசைகளோ இன்னும் மோசம்: மறதி நோயாளருக்கு அவை மரண ஆபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2005இலேயே எச்சரித்தது.

கூப்பிடுகிறவருக்குக் காரணம் இருக்கும்: நோவு, பசி, மலச்சிக்கல், சலத்தில் கிருமி. ஆறு மணிக்கே சாப்பாடு கொடுத்துப் படுக்கவைத்தால் இரண்டு மணிக்கு விழிக்காமல் என்ன செய்வார்? பகலில் விறாந்தையில் இருத்துங்கள். நீங்களும் தூங்க வேண்டும், அது நியாயம். வாரத்தில் ஓரிரு இரவு மாற்றாளுக்கு வெளிநாட்டுச் சகோதரங்கள் காசு அனுப்பட்டும். குளிசையைத் திடீரென நிறுத்தவும் வேண்டாம், வைத்தியரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். நிறையும் பாருங்கள்.

காணியை மகனுக்கு எழுதிக் கொடுத்தோம். இப்போது சோறு இல்லை. (கரவெட்டி)

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முதியோருக்கான பராமரிப்புச் சபையில் முறையிடுங்கள். நன்கொடை உறுதியை நன்றிகெட்ட நடத்தைக்காக நீக்கக் கோர 2017இல் சட்டம் வந்தது. சட்டத்தரணியைப் பாருங்கள், நாள் கடத்தாதீர்கள்.

அயல் வீட்டு ஆச்சியை அறையில் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். தலையிடலாமா? (சாவகச்சேரி)

எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் கிராம அலுவலரிடம் போயிருக்கலாம். இன்றே போங்கள்.