டிஸ்லெக்சியா என்று அறிக்கை கொடுத்தும் பள்ளி உதவ மறுத்தால் என்ன செய்வது?

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு, இருப்பதாகச் சொல்லும் அறிக்கையைப் பார்த்துவிட்டு "தனிக் கவனமெல்லாம் முடியாது" என்று பள்ளியில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்நேரம் வேறு பள்ளி தேடத் தொடங்கியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் கேட்க வேண்டியதை எழுத்தில் கேளுங்கள்.

என் மகளுக்கும் அந்த வயதில்தான் தெரிந்தது. மதுரையில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளி. செடி எப்படி உணவு தயாரிக்கிறது என்று கேட்டால் மளமளவென்று சொல்வாள். எழுதச் சொன்னால் ல, ள, ழ எல்லாம் இடம் மாறிவிடும். போர்டில் இருப்பதில் பாதியை எழுதுவதற்குள் மணி அடித்துவிடும். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வேண்டிய நாட்களில் காலையிலேயே வயிற்றுவலி என்று அழுவாள். கண், காது பரிசோதனை, நுண்ணறிவுச் சோதனை எல்லாம் முடிந்து மருத்துவ உளவியல் நிபுணர் கொடுத்த அறிக்கையைத் தாளாளர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்த்துடுங்கம்மா, டிசி தர்றோம்" என்றார்.

அன்று இரவே கடிதம் எழுதினேன். "உதவுங்கள்" என்று மட்டும் எழுதினால் "பார்க்கிறோம்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொன்றாகக் கேட்டேன்: சத்தமாக வாசிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது, அறிவியலிலும் சமூக அறிவியலிலும் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது, தேர்வில் கூடுதல் நேரம், வினாத்தாளை வாசித்துக்காட்ட ஒருவர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் வருகிறது, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் பொறுப்பு உண்டு என்று குறிப்பிட்டேன். கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்ற முடியாது என்பதையும் சேர்த்தேன். நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஆபீஸை விட்டு நகர்ந்தேன். டிசி பேச்சு அதோடு நின்றது. கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. கூடுதல் நேரம் கிடைத்தது, வாசிக்கச் சொல்வதும் நின்றது. வயிற்றுவலியும் போனது.

சட்டம் பேசினால் பிள்ளையைப் பழிவாங்குவார்கள் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நான் யாரையும் மிரட்டவில்லை, மரியாதையாகத்தான் எழுதினேன். ஆசிரியர்கள் எல்லோரையும் குறை சொல்லவும் இல்லை. அவள் வாயால் சொன்ன பதிலுக்கு மதிப்பெண் போட்ட அறிவியல் மிஸ்ஸை நான் கும்பிடுகிறேன்.

பள்ளியை விட எனக்கு ஆறாதது சொந்தக்காரர்கள் பேச்சு. "அம்மா வேலைக்குப் போனா இப்படித்தான்" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் என் காதுபடவே சொன்னார்கள். அவள் அப்பாவும்தான் வேலைக்குப் போகிறார். அவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. டிஸ்லெக்சியா என்பது மூளை எழுத்தைக் கையாளும் விதம், பிறவியிலேயே வருவது, பல குடும்பங்களில் வழிவழியாகவும் வரும். வளர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தனியார் அறிக்கையோடு நிறுத்தாதீர்கள். மகனுக்கு எட்டு வயது ஆகிவிட்டதென்றால் அரசு மருத்துவமனையில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். வீட்டில் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க, இதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியராகப் பாருங்கள். சாதாரண டியூஷனில் அதே பாடத்தைத் திரும்ப எழுத வைப்பார்கள். மாநிலப் பாடத்திட்டம் என்றால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் என்று சலுகைகள் உண்டு. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். அதனால் இப்போது கொடுக்கும் கடிதங்களின் நகல்களை எல்லாம் ஒரே ஃபைலில் சேர்த்து வையுங்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே அந்த ஃபைலோடு தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.