"இலவசமாத்தானே தர்றோம்" என்கிறார் அட்மின்: என் நாவலின் பிடிஎஃப்பை எப்படி நீக்குவது?

கேள்வி: என் நாவல் சென்ற ஆண்டு அச்சிலும் மின்னூலாகவும் வந்தது. சில வாரங்களிலேயே ஒரு செயலிக் குழுவில் அதன் பிடிஎஃப் சுற்ற ஆரம்பித்துவிட்டது. இப்போது முழு நாவலையும் ஒருவர் வாசித்து வீடியோவாகப் போட்டிருக்கிறார். குழு அட்மினிடம் கேட்டால், "இலவசமாத்தானே தர்றோம், ஒரு பைசா சம்பாதிக்கலையே" என்கிறார். பதிப்பாளரோ, "விளம்பரம்னு நினைச்சுக்குங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். நான் பதிப்புரிமையைப் பதிவு செய்யவில்லை. போலீசுக்குப் போகலாமா?

பதில்: பதிவு செய்யாததைப் பற்றிக் கவலை வேண்டாம். நாவலை எழுதியதுமே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. சான்றிதழ் இருந்தால் வழக்கில் உரிமையை நிரூபிப்பது எளிது, அவ்வளவுதான்.

அட்மின் சொல்லும் சமாதானமும் செல்லாது. அனுமதியின்றிப் பொதுமக்களுக்கு எட்டச் செய்வதே உரிமை மீறல். லாப நோக்கம் இல்லை என்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். ஆனால் செய்தது சரி என்று ஆகிவிடாது.

எதையும் அனுப்புவதற்கு முன் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். மின்னூல் உரிமையும் ஒலிநூல் உரிமையும் யாரிடம் இருக்கின்றன? எழுதிக் கொடுத்திருந்தால் பதிப்பாளர்தான் புகார் தர வேண்டும், அல்லது உங்களுக்கு அதிகாரக் கடிதம் தர வேண்டும். காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்திருந்தால் 19ஆம் பிரிவின்படி அது 5 ஆண்டுகளுக்கே செல்லும். உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு "விளம்பரம்" என்று சொல்லும் பதிப்பாளருக்கு, நடவடிக்கை எடுக்கக் கோரி எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு நாளைக்கு உதவாது.

அட்மினிடம் இனி ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஏற்கெனவே உஷாராகியிருப்பார், குழுவின் பெயரை மாற்றுவதற்குள் சாட்சியத்தைச் சேர்த்துவிடுங்கள். குழுவின் பெயர், லிங்க், உறுப்பினர் எண்ணிக்கை, கோப்பு பதிவான தேதி எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கோப்பையும் பதிவிறக்கி, திறந்து திருத்தாமல் அப்படியே வையுங்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம், பிரிவு 63(4)இன் கீழ் சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும், அதன் கைரேகை போன்ற குறியீடு) எழுத வேண்டும்.

அடுத்தது நோட்டீஸ். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். "உங்கள் தளத்தில் என் புத்தகம் இருக்கிறது, எடுங்கள்" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. ஒவ்வொரு லிங்க்கையும் தனித்தனி வரியாகக் கொடுங்கள். நூல் உங்களுடையது என்பதற்கு உரிமைப் பக்கத்தையும் ஒப்பந்தத்தையும் இணையுங்கள். 2013ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகளில் 75ஆம் விதிப்படி, புகாரில் திருப்தி ஏற்பட்டால் தளம் 36 மணி நேரத்துக்குள் அணுகலைத் தடுக்க வேண்டும். ஆனால் அதே விதி உங்களிடமும் ஒரு உறுதிமொழி கேட்கிறது: ஏற்றியவர் மீது வழக்குப் போட்டு, 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவருவேன் என்று. உத்தரவு வராவிட்டால் தளம் அணுகலைத் திரும்பத் திறந்துவிடலாம். வழக்குப் போடும் எண்ணம் இல்லாதவர் இந்த வழியைத் தொடுவதில் அர்த்தமில்லை.

அதனால் அமெரிக்க நிறுவனங்களின் தளங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அவர்களுடைய 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ (டிஜிட்டல் பதிப்புரிமை) சட்டப்படியான புகார்ப் படிவம். வழக்கு உறுதிமொழி இல்லாமலே அனுப்பலாம். தேடுபொறிக்கும் தனியாக ஒன்று அனுப்புங்கள். கோப்பு எங்கோ கிடந்தாலும் நூலின் பெயரைத் தேடுபவர் கண்ணில் படாது. பொய்த் தகவல் தந்தால் நீங்கள்தான் மாட்டுவீர்கள் என்பதால், உங்கள் நூலைப் பற்றிய விமர்சன வீடியோக்களைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். மேற்கோள் காட்டி விமர்சிப்பது அவர்கள் உரிமை.

குழு மூடிய பிறகும் அதே ஆள் வேறு பெயரில் திறந்தால் வழக்குதான் வழி. பிரதிவாதியின் பெயர் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். அடையாளம் தெரியாதவரை 'அசோக் குமார்' என்று குறிப்பிட்டு வழக்குத் தொடுப்பது நம் நீதிமன்றங்களில் பழகிய விஷயம். பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம். 2022இல் போட்டித் தேர்வு நூல்கள் எழுதிய ஓர் ஆசிரியை தொடுத்த வழக்கில், சேனல்களை நடத்துபவர்களின் விவரங்களைத் தரும்படி டெல்லி உயர் நீதிமன்றம் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. தன் சர்வர் வெளிநாட்டில் இருக்கிறது என்ற வாதம் எடுபடவில்லை.

போலீஸ்? போகலாம். அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தாலும் ஆர்வக்கோளாறில் பகிரும் ஒருவர் மீது இதைப் பாய்ச்சுவதை நான் விரும்புவதில்லை. உங்கள் பிடிஎஃப்பைச் சந்தா வாங்கி விற்பவர் சிக்கினால் முதல் நாளே புகார் கொடுங்கள்.

வாசிப்பு வீடியோவுக்கு மேலே சொன்ன படிவமே போதும். அவர் தளத்துக்கு எதிர்வாதம் அனுப்பினால் 10 வேலை நாட்களில் வீடியோ திரும்ப வந்துவிடக்கூடும் என்பதால், அதைத் தெரிவித்துத் தளத்தின் மின்னஞ்சல் வந்த அன்றே உங்கள் வக்கீலைக் கூப்பிடுங்கள்.