பழைய மெடிகேர் அட்டை கைப்பையில் இருக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் மகனுடன் வசிக்கும் என் அக்கா, முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் புதிய அட்டை வந்த பிறகும் பழையதைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறார். அதனால் தீங்கு உண்டா?
– வாசகி, மதுரை

பதில்: நிச்சயமாக உண்டு. பழைய அட்டையில் அச்சிட்டிருப்பது, அமெரிக்க அரசு தனிநபருக்குத் தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்ணேதான். அதன் இறுதியில் ஓர் எழுத்தோ, எழுத்தும் எண்ணுமோ மட்டும் கூடுதலாக இருக்கும். அமெரிக்காவில் அந்த எண் பிறர் கையில் சிக்கினால், எண்ணுக்குரியவரின் பெயரில் கடன் வாங்கவும் வரித் திருப்பத்தொகையைக் கவரவும் முடியும். கணவர் வேலை செய்து வரி செலுத்திய கணக்கின் பேரில் மெடிகேர் பெற்ற பெண்களின் அட்டையில் கணவரின் எண்ணே இருந்தது என்பதால், மனைவி தொலைத்த பைக்குக் கணவரும் விலை கொடுக்க நேர்ந்தது.

2015இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2018 ஏப்ரல் முதல் புதிய அட்டைகள் அஞ்சலில் அனுப்பப்பட்டன. அவற்றிலுள்ள, எண்களும் எழுத்துகளும் கலந்த 11 குறிகள் கொண்ட அடையாளம் எதனோடும் தொடர்பற்றது. எண்களோடு குழம்பக்கூடிய எஸ், எல், ஓ, ஐ, பி, இசட் ஆகிய எழுத்துகளை அதில் தவிர்த்திருப்பது, பார்வை மங்கிய முதியோருக்குச் செய்த நல்ல உதவி என்றே கருதுகிறேன்.

2020 தொடக்கத்திலிருந்து மருத்துவமனைகள் புதிய எண்ணைக் கொண்டே கட்டணம் கோர வேண்டும். ஆகவே, பழைய அட்டையை எண் தெரியாதபடி நறுக்கிவிடச் சொல்லுங்கள். புதிய எண்ணைக் கொண்டும் பொய்யான சிகிச்சைக் கட்டணம் கோர முடியும் என்பதால், 'மெடிகேரிலிருந்து பேசுகிறோம்' என்று தாமாகவே அழைத்து எண்ணைக் கேட்பவர்களிடம் அக்கா எதுவும் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிடட்டும்.