இரண்டு தலைப்பு, ஒரு தீசிஸ்

அன்புள்ள அண்ணா,

எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மொபைல் வீடியோ ஸ்ட்ரீமிங்கில் ப்ராஜெக்ட் செய்ய ஆசை. கைடோ, ‘பாதுகாப்பான கிளவுட் கூட்டுப்பணி’யையும் (கிளவுடில் உள்ள ஆவணத்தில் பல பேர் பத்திரமாகச் சேர்ந்து வேலை செய்வது) சேர்த்துக்கொள், தலைப்பு கனமாக இருக்கும் என்கிறார். எப்படிச் சேர்ப்பது என்று புரியவில்லை. நெட்டில் கிடைத்த டேட்டாவை வைத்து சிமுலேஷன் ஓட்டி, ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்கால் (செய்து பார்த்துப் பார்த்து கம்ப்யூட்டரே கற்றுக்கொள்ளும் முறை) பஃபரிங்கைக் குறைப்பதாகத் திட்டம். இது போதுமா? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

கைடு பேச்சைத் தட்டுவது கஷ்டம்தான். இருந்தாலும் தலைப்புக்காக இரண்டையும் ஒட்டாதீர்கள். அப்படி ஒட்டினால், வீடியோவை என்க்ரிப்ட் செய்து கிளவுடில் போட்டு மொபைலில் ஓட்டிக் காட்டுவதில்தான் போய் முடியும். அதை ஓடிடிக்காரர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள்.

உங்கள் திட்டத்தில் எனக்கு உறுத்துவது சிமுலேஷன். வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் பல தரங்களில் வைத்திருப்பார்கள், அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று போனில் உள்ள பிளேயர் முடிவு செய்யும், இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. அந்த முடிவை எடுப்பதற்குத்தான் இத்தனை வருட ஆராய்ச்சியும். 2014இல் ஸ்டான்ஃபோர்டும் நெட்ஃபிளிக்ஸும் சேர்ந்து ஒரு பேப்பர் போட்டார்கள். போனில் இறங்கிச் சேர்ந்திருக்கும் வீடியோவை, அதாவது பஃபரை, மாடித் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்; தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மட்டும் பார், குழாயில் வரும் வேகத்தை, அதாவது நெட் வேகத்தை, கணிக்க மெனக்கெடாதே என்பதுதான் அதன் சாரம். நெட்ஃபிளிக்ஸ் அப்போது வைத்திருந்த முறையைவிட வீடியோ நின்று போவது 10 முதல் 20 சதவீதம் குறைந்தது. பிறகு 2017இல் எம்ஐடியிலிருந்து பென்சீவ் என்ற முறை வந்தது. நீங்கள் செய்ய நினைக்கும் அதே ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங், சிமுலேஷனில் நல்ல முடிவுகள்.

அப்புறம் 2020இல் ஸ்டான்ஃபோர்டின் பஃபர் (Puffer) திட்டக் குழு (‘பஃப்’ என்று ஊதுகிற மீனின் பேர், தொட்டி பஃபர் இல்லை) இதையெல்லாம் நிஜமான ஆட்களிடம் சோதித்தது. அமெரிக்காவில் டிவி சேனல்களை இலவசமாக ஓடவிட்டு, யாருக்கு எந்த அல்காரிதம் என்பதைச் சீட்டுக் குலுக்குவது மாதிரி பிரித்தார்கள். 63,508 பேர், மொத்தம் 38.6 வருட வீடியோ. சிமுலேஷனில் ஜொலித்த புத்திசாலி முறைகள் எளிய தொட்டி முறையைத் தாண்டவே திணறின. கடைசியில் தாண்டியது அவர்களே செய்த ஒன்று, அது அந்த நிஜமான டேட்டாவிலேயே பயிற்சி பெற்றது, மெஷின் லேர்னிங்குக்கும் அதில் ஒரு சின்ன வேலைதான்: அடுத்த துண்டு வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்று கணிப்பது. வைவாவில் யாராவது இதைப் படித்துவிட்டு வந்து கேட்டால் உங்களிடம் என்ன பதில் இருக்கும்?

இன்னொன்று, நெட்டில் கிடைத்த டேட்டா என்கிறீர்களே, அது எந்த ஊர் டேட்டா என்று பார்த்தீர்களா? இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வருவது நார்வேயில் ஆஸ்லோ பக்கம் பஸ், டிராம், மெட்ரோ, படகில் போய்க்கொண்டே அளந்த 3ஜி வேகங்கள். பென்சீவும் அதைப் பயன்படுத்தியது. நல்ல டேட்டாதான், குறை சொல்லவில்லை, ஆனால் ஆஸ்லோ படகில் கிடைத்த 3ஜியை வைத்துக்கொண்டு நம்ம ஊர் ரயிலில் பஃபரிங் குறையும் என்று எப்படி எழுதுவீர்கள்? ரயிலில் போய் நீங்களே அளந்துவிடலாம், பெரிய செலவில்லை. ஒரு சின்ன சர்வர், போன் பிரவுசரில் டேஷ்.ஜேஎஸ் என்ற இலவச வீடியோ பிளேயர், வேகத்தையும் சிக்னலையும் டவர் மாறுவதையும் பதிவு செய்ய ஒரு லாகர். பேட்டரியையும் எழுதி வையுங்கள். ஒரு துண்டு இறங்கி முடிந்த பிறகும் ரேடியோ சில நொடி விழித்தே இருக்கும், அதனால் துண்டுகளை விட்டுவிட்டு இறக்குவதைவிட மொத்தமாக இறக்கினால் சார்ஜ் மிச்சம்.

கிளவுட் கூட்டுப்பணி மட்டமான தலைப்பு என்று நான் சொல்லவில்லை. உள்ளே இருப்பதைத் தன்னால் படிக்கவே முடியாத சர்வரை வைத்துக்கொண்டு நாலு பேர் ஒரே ஆவணத்தைத் திருத்துவது (2010இல் பிரின்ஸ்டனில் செய்த ஸ்போர்க் என்ற ஆராய்ச்சியைப் பாருங்கள்), குழுவை விட்டுப் போனவர் இனி படிக்க முடியாதபடி என்க்ரிப்ஷன் கீயை மாற்றுவது, இதெல்லாம் கடினமான கேள்விகள், தனி தீசிஸுக்கே தாங்கும். உங்கள் ஆசை வேறு பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

கைடுக்குப் ‘பாதுகாப்பு’ என்ற சொல் வேண்டுமென்றால் ஸ்ட்ரீமிங்குக்குள்ளேயே இருக்கிறது. என்க்ரிப்ட் செய்தாலும் துண்டுகளின் அளவு வெளியே தெரியும், சண்டைக் காட்சி என்றால் பெரிய துண்டு, சும்மா உட்கார்ந்து பேசினால் சின்னது. அந்த வரிசையை வைத்தே என்ன படம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். 2017இல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியைச் சேர்ந்த இருவர் 42,027 நெட்ஃபிளிக்ஸ் வீடியோக்களின் கைரேகையைத் தொகுத்து இதைச் செய்து காட்டினார்கள். தடுக்க வேண்டுமானால் துண்டுகளில் வெற்று பைட்டுகளைச் சேர்த்து அளவைச் சமமாக்க வேண்டும், அதற்கு டேட்டா செலவாகும். தினம் ஒன்றரை ஜிபி பேக் போட்டிருப்பவருக்கு அது எத்தனை நிமிட வீடியோவைத் தின்னும், பஃபரிங் எவ்வளவு கூடும்? உங்கள் ரயில் டேட்டாவை வைத்தே இதற்குப் பதில் எழுதலாம். லேர்னிங் எல்லாம் பிறகு, முதலில் தொட்டி முறையை ஓட்டி எண்களை எடுத்துக்கொண்டு கைடிடம் போங்கள்.