பை அப்புறம், கேரியர் முதலில்: சைக்கிளில் சுமை பற்றிக் கேள்வி பதில்

ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், கீழக்கரை பக்கம் தினமும் சைக்கிள் மிதிப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணே, உச்சிப்புளியில் இருந்து ராமநாதபுரம் ஆபீசுக்கு சைக்கிளில் போகிறேன். லேப்டாப், சாப்பாடு, மாற்றுச் சட்டை எல்லாம் முதுகுப் பையில்தான். சைடு பை வாங்கியே ஆகணுமா?

வாங்குங்கள் தம்பி. நம்ம ஊர் வெயிலில் முதுகில் பை கிடந்தால் சட்டை நனைந்துவிடும், தோளும் கழுத்தும் வலிக்கும். எடை உயரத்தில் இருப்பதால் வண்டியும் தள்ளாடும். அதே எடையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தாழ்வாகத் தொங்கவிட்டால் வண்டி நிதானமாகப் போகும்.

ஆனால் பைக்கு முன்னால் கேரியரைப் பாருங்கள். பலர் நல்ல பையை வாங்கி, ஆடுகிற கேரியரில் மாட்டிவிட்டுப் பையைக் குறை சொல்கிறார்கள். கால் கம்பிகள் பின் ஆக்ஸில் பக்கத்தில் இறங்கி நிற்க வேண்டும், மேலே சீட்டுக்குக் கீழே இரண்டு இடத்தில் பிடிமானம் வேண்டும். எவ்வளவு கிலோ தாங்கும் என்று கேரியரிலேயே அச்சிட்டிருப்பார்கள். 25 கிலோ என்று இருந்தால் தினசரி உபயோகத்துக்குத் தாராளம். கடையில் கேரியரின் பின்முனையைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் வேண்டாம்.

பை 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவு போதும். மேலே இரண்டு கொக்கி, கீழே ஆடாமல் பிடிக்க ஒரு கொக்கி அல்லது எலாஸ்டிக் இருக்க வேண்டும். கொக்கியின் வாய் அகலமாகவும் கேரியர் கம்பி ஒல்லியாகவும் இருந்தால் குழிக்குக் குழி கடகடவென்று அடிக்கும். கொக்கிக்குள் வைக்க ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டு பையோடு வருகிறதா என்று கேளுங்கள். லேப்டாப்பைச் சக்கரப் பக்கம், பையின் அட்டையோடு ஒட்டி நிறுத்தி வைத்து, அடியில் ஃபோம் போடுங்கள். குழம்பு டப்பாவுக்குத் தனிப் பை, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு பைதான் என்றால் எந்தப் பக்கம் மாட்டுவது?

இடது பக்கம். பஸ்ஸும் லாரியும் நம்மை வலது பக்கமாகத்தான் கடந்து போகின்றன. ஒன்று மட்டும் கவனியுங்கள்: சைடு ஸ்டாண்டும் இடது பக்கம்தான், எடை கூடினால் வண்டி அந்தப் பக்கமே சாயும். மணல் தரையில் ஸ்டாண்டு புதைந்து விழும், ஒரு சின்னப் பலகைத் துண்டைப் பையில் போட்டுவையுங்கள்.

தேவிப்பட்டினத்தில் இருந்து பிளஸ் ஒன் மாணவி. பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள், முன்னால் கூடை இருக்கிறது. புத்தகப் பையை அதில் வைத்தால் ஹேண்டில் இழுக்கிறது. என்ன செய்யலாம் அண்ணா?

கூடையில் எடை ஏறினால் ஹேண்டிலைத் திருப்பும்போது அந்த எடையும் சேர்ந்து திரும்பும், அதனால்தான் இழுக்கிறது. கூடையில் தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா மட்டும் வையம்மா. புத்தகப் பை பின் கேரியருக்குப் போகட்டும். ஸ்பிரிங் கிளிப்பை மட்டும் நம்பாதே, கனமான பை அதில் நழுவும். பஞ்சர் கடையில் பழைய டியூப் கேட்டு வாங்கி, நீளவாக்கில் இரண்டாக வெட்டிக்கொள். கேரியர் கம்பியில் ஒரு முனையை முடிந்து, பையைக் குறுக்காக ஒரு சுற்று, நெடுக்காக ஒரு சுற்று இழுத்துக் கட்டினால் அசையாது. கடையில் விற்கும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றைவிட எனக்கு இதுவே பிடிக்கும். அந்தக் கொக்கி தெறித்துக் கண்ணில் படலாம், கழன்று சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிக்குள்ளும் போகலாம். டியூப்பின் மிச்ச வாலையும் பையின் தொங்கும் பட்டையையும் உள்ளே செருகிவிடு. பின் சக்கரத்தில் துணி சிக்காமல் மறைக்கும் சாரி கார்டைக் கழற்றச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதே, துப்பட்டாவைக் காப்பாற்றுவது அதுதான்.

கியர் சைக்கிள் வைத்திருக்கிறேன் சார். ஃபிரேமில் கேரியர் மாட்டத் துளையே இல்லை. டிஸ்க் பிரேக் வேறு.

ரப்பர் வைத்த பைப் கிளாம்ப் கிடைக்கும். ஃபிரேம் குழாயின் அளவுக்கு வாங்கி மாட்டினால் துளை இல்லாத குறை தீரும். டிஸ்க் பிரேக் இருந்தால் கால் கம்பி டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் இடிக்கும், அதற்கென்று வெளியே வளைத்த கேரியர் கேட்டு வாங்குங்கள். சீட் போஸ்டில் மட்டும் பிடிக்கும் கேரியர் பொதுவாக 10 கிலோ வரைதான், அதிலும் பக்கவாட்டுக் கம்பி இல்லாவிட்டால் சைடு பை சக்கரத்துக்குள் போய்விடும். கார்பன் சீட் போஸ்டில் அதை மாட்டவே கூடாது.

பெடல் மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறது.

பையைப் பின்னால் தள்ளுங்கள். பெரும்பாலான பைகளில் கொக்கியின் ஸ்குரூவைத் தளர்த்தி நகர்த்தலாம். சீட்டில் உட்கார்ந்து பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, குதிகால் கடைசியாக வரும் இடத்தில் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். தினமும் போடும் செருப்போடு பார்க்க வேண்டும்.

மண்டபத்தில் வீடு கடலுக்குப் பக்கத்தில். கேரியர் போல்ட் எல்லாம் சீக்கிரமே துருப்பிடித்துவிடுகிறது. பையின் ஜிப்பும் நகர மாட்டேன் என்கிறது.

இந்தக் கரையில் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் இருக்கிற பிரச்சினை இது. காற்றிலேயே உப்பு வருகிறது, வண்டியை வீட்டுக்குள் வைத்தாலும் அது விடாது.

அலுமினியக் கேரியரில் இரும்பு போல்ட் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியத்தை அரிக்கும். வெள்ளைப் பொடி பூத்து, போல்ட் மரையோடு இறுகிப் பிறகு தலை முறிந்து வருமே தவிர கழன்று வராது. அதனால் புதிதாக மாட்டும்போதே மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். போல்ட், அடுத்து ஸ்பிரிங் வாஷர், அடுத்து தட்டை வாஷர், பிறகு கேரியர் காது என்ற வரிசையில் கோத்து, எல்லாப் போல்டையும் முதலில் கையால் மாட்டி, கேரியர் நேராக இருப்பதைப் பார்த்த பிறகுதான் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஒன்றை முதலிலேயே முறுக்கிவிட்டால் மற்றது மரையில் கோணலாக ஏறும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் வாங்கினால் 316 ரகம் கிடைக்கிறதா பாருங்கள். சாதாரண 304-ல் கடல் காற்றுக்குப் பழுப்புப் புள்ளி விழும்.

வாரம் ஒரு தடவை ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கேரியரையும் கொக்கிகளையும் கழுவித் துடையுங்கள். பீய்ச்சி அடிக்க வேண்டாம், ஆக்ஸில் பேரிங்குக்குள் தண்ணீர் போகும். போல்டுகளையும் அன்றைக்கே ஒரு தடவை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.

ஜிப் விஷயத்தில் உலோக ஜிப்பே வேண்டாம். நைலான் ஜிப்பை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் மெழுகுவத்தியைத் தேய்த்தால் ஓடும். என்னைக் கேட்டால் ஜிப்பே இல்லாமல் மேல்வாயைச் சுருட்டிப் பூட்டும் பைதான் இந்தக் கரைக்குப் பொருத்தம். வெல்க்ரோவில் மணல் ஏறினால் ஒட்டாது.

ஐப்பசி கார்த்திகை மழைக்கு 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதிய பை போதுமா?

தையலைப் பாருங்கள். துணி தண்ணீர் விடாவிட்டாலும் தைத்த ஊசித் துளை விடும். தையல் இல்லாமல் சூட்டில் ஒட்டிய தார்ப்பாய் ரகப் பை சொட்டு விடாது. விலை அதிகம் என்றால் சாதாரணப் பைக்குள் கனமான பிளாஸ்டிக் கவரை வைத்து அதற்குள் சாமானை வையுங்கள், வேலை முடிந்தது.

பாம்பன் பாலத்தில் ஆடி மாதக் காற்றில் பையோடு போகப் பயமாக இருக்கிறது.

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பாலம் 2 கி.மீ.க்கு மேல் நீளம், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பக்கவாட்டில் அடிக்கும், ஒதுங்க இடம் கிடையாது. கேரியருக்கு மேல் உயரமாக அடுக்கிய மூட்டை பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். உயரத்தைக் குறைத்து, எடையைக் கீழே இரண்டு பக்கமும் சமமாகப் பிரியுங்கள். ஹேண்டிலில் துணிப் பையைத் தொங்கவிடவே வேண்டாம், காற்று அதை அசைக்க அசைக்க முன் சக்கரம் திரும்பும். பாதி காலியான பையின் துணியைப் பட்டை போட்டு இறுக்குங்கள், படபடக்கக் கூடாது.

பஸ் நம்மைக் கடக்கும் நேரம்தான் ஆபத்து. காற்று வரும் பக்கத்தை அது மறைத்தால் எதிர்ப்பு சட்டென்று நின்றுபோய் வண்டி பஸ் பக்கம் சாயும், பஸ் போனதும் காற்று மறுபடி ஒரே அடியாக அடிக்கும். சத்தம் கேட்டதுமே வேகத்தைக் குறைத்து ஹேண்டிலை இறுக்காமல் பிடியுங்கள். காற்று ரொம்ப முரட்டுத்தனமாக இருக்கும் நாளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் ஒன்றும் குறைந்துவிடாது. முடிந்தால் பஸ்ஸில் சுமையை அனுப்பிவிட்டு வண்டியை மட்டும் ஓட்டுங்கள்.

கேரியரில் மீன் கொண்டுபோய் விற்கிறேன் தம்பி. ஐஸ் தண்ணீர் சொட்டி செயின் போய்விடுகிறது.

அக்கா, தெர்மகோல் பெட்டியை அப்படியே கட்டாமல், அதை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இறக்கிக் கட்டுங்கள். உருகிய தண்ணீர் டப்பாவிலேயே நிற்கும். அது உப்பும் மீன் நீரும் கலந்தது, ரிம்மில் பட்டால் பிரேக்கும் பிடிக்காது. செயினை அன்றன்று துடைத்து எண்ணெய் விடுங்கள். கருவாடு என்றால் பனை ஓலைப் பெட்டியே போதும், காற்றோட்டம் இருக்கும், எடையும் கிடையாது.

சீமைக் கருவேல முள்ளால் அடிக்கடி பஞ்சர். பையோடு நடுவழியில் நிற்பது பெரிய பாடு.

சுமை கூடினால் பின் டயர்தான் அதிகம் அமுங்கும், காற்று குறைவாக இருந்தால் பஞ்சரும் கூடும். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவுக்குள், பின் டயரில் கொஞ்சம் கூடுதலாகக் காற்று வையுங்கள். டியூப்பை மாற்றும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள் முனை முறிந்து உள்ளேயே நிற்கும், அதை எடுக்காவிட்டால் புது டியூப்பும் போகும். ஒட்டும் சாமான், மாற்று டியூப், டயர் நெம்பி, சின்னப் பம்ப் நான்கையும் சைடு பையின் அடியில் போடாதீர்கள், சீட்டுக்குக் கீழே தனிக் குட்டிப் பையில் வையுங்கள். பின் விளக்கை அந்தக் குட்டிப் பை மறைக்கிறதா என்று இருட்டுவதற்குள் பார்த்துவிடுங்கள்.