மணிக்கு எத்தனை பார்சல்? சுமையேற்றுவோரின் வேகக் கணக்கு குறித்த கேள்வி பதில்

அமெரிக்காவில் யூபிஎஸ் பார்சல் விநியோக நிறுவனத்தில் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்க ஒப்பந்தத்தின்கீழ் பார்சல் ஏற்றும் வேலையில் இருப்பவர்கள் வேகக் கணக்கு குறித்துக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். 2023 ஆகஸ்ட் 1 முதல் 2028 ஜூலை 31 வரை நடப்பிலுள்ள தேசிய ஒப்பந்தத்தையே அடிப்படையாகக் கொள்கிறேன். அதனோடு வட்டாரந்தோறும் துணை ஒப்பந்தங்கள் உண்டு. கெடு, கால வரம்பு ஆகியவற்றை அவற்றில்தான் பார்க்கவேண்டும்.

கேள்வி (வேலைக்குப் புதியவர்): மணிக்கு எத்தனை பார்சல் ஏற்றவேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது, ஐயா?

பதில்: எந்த எண்ணையும் சொல்லவில்லை. 37ஆம் பிரிவில் இருப்பது, நியாயமான நாள் ஊதியத்துக்கு நியாயமான நாள் உழைப்பு என்ற கோட்பாடுதான். மேற்பார்வையாளர்கள் அந்த வரியைத் தவறாமல் எடுத்துக்காட்டுவார்கள். தொழிலாளியை மிரட்டவோ, தொல்லைப்படுத்தவோ, அளவுமீறி மேற்பார்வையிடவோ கூடாது என்று நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் வரியும் அதே பிரிவில் இருப்பதை நாம்தான் நினைவூட்டவேண்டும்.

கேள்வி (விநியோக வண்டிகளில் ஏற்றுபவர்): அப்படியானால் மேற்பார்வையாளர் கையில் வைத்திருக்கும் தாளில் உள்ள எண் எதற்காக? அதை எட்டவேண்டியது என் கடமை இல்லையா?

பதில்: அது திட்டமிடுவதற்கான எண். அன்று வரக்கூடிய பார்சல்களின் எண்ணிக்கையை அந்த எண்ணால் வகுத்து, எத்தனை பேரை எத்தனை மணிக்கு வரச்சொல்வது என்று முடிவு செய்கிறார்கள். அதில் தவறேதும் இல்லை. ஆள் கணக்குப் போடாமல் எந்தக் கிடங்கையும் நடத்த முடியாது. ஆனால் மொத்தப் பணியிடத்துக்காகப் போட்ட சராசரியைத் தனி ஒருவரின் கடன்பாக்கியாக மாற்றும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு பேச்சுக்கு, மணிக்கு 300 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பார்சலுக்குக் கிடைப்பது 12 விநாடி. அதற்குள் பார்சல்கள் நகர்ந்துவரும் பெல்ட்டிலிருந்து எடுத்து, ஒட்டியிருக்கும் லேபிளில் வண்டி எண்ணையும் அலமாரி எண்ணையும் படித்து, வண்டிக்குள் ஏறி, லேபிள் தெரியும்படி உரிய தட்டில் வைத்து, இறங்கி, அடுத்த வண்டிக்கான பார்சல் கடந்துபோவதற்குள் திரும்பி வரவேண்டும். மூன்று நான்கு வண்டிகளை ஒருவரே பார்க்கும் இடத்தில், பெல்ட் நின்று நின்று ஓடினாலும், கனமான பெட்டிகள் ஒரே வண்டிக்குக் குவிந்தாலும், அந்த 12 விநாடி கைவிட்டுப் போய்விடும். அவசரத்தில் ஒரு பார்சல் வேறு வண்டிக்குப் போனால் அதைத் தேடிச் சரிசெய்ய ஓட்டுநருக்கு ஆகும் நேரத்தை அந்தத் தாள் கணக்கில் எடுப்பதில்லை.

உடலைப் பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. தொழிலிடப் பாதுகாப்பை ஆராயும் கூட்டரசு நிறுவனமான நயாஷ் 1991இல் திருத்திய தூக்குதல் சூத்திரத்தின்படி, எல்லா நிலைமைகளும் சாதகமாக அமைந்தால் பரிந்துரைக்கப்படும் உச்ச எடை 51 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 23 கிலோ. நிமிடத்துக்கு ஐந்து முறை வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூக்கினால் அதை 0.35ஆல் பெருக்கவேண்டும், மிஞ்சுவது சுமார் 8 கிலோ. குனிதல், திரும்புதல், கை நீட்டல் ஆகியவற்றுக்கான கழிவுகள் இனிமேல்தான் வரும். நிமிடத்துக்கு ஐந்து என்பது மணிக்கு 300தான் என்பதைக் கவனியுங்கள். இது பரிந்துரை மட்டுமே, சட்டம் ஆகாது. இத்தகைய உடல் அழுத்தக் காயங்களுக்காகக் கூட்டரசு 2000 நவம்பரில் வெளியிட்ட விதியை 2001 மார்ச்சில் நாடாளுமன்றமே ரத்து செய்துவிட்டது. எனினும் வேகத்தைப் பற்றிய பேச்சில் இந்தக் கணக்கை முன்வைப்பது, 'முடியவில்லை' என்று முறையிடுவதைவிட வலுவானது.

கேள்வி (டிரெய்லரில் ஏற்றுபவர்): டிரெய்லருக்கு மணிக்கு எத்தனை?

பதில்: முதல் பதிலே இதற்கும் பொருந்தும்.

கேள்வி: எண்ணை எட்டாததற்காக வேலையை விட்டு நீக்க முடியுமா?

பதில்: தகுதிகாண் காலத்தில் இருப்பவர் என்றால், முடியும், அப்போது நீக்கத்தை எதிர்த்து முறையீடு செய்ய வழியில்லை. அந்தக் காலம் எவ்வளவு என்பதைத் துணை ஒப்பந்தத்தில் பாருங்கள். அதைக் கடந்தவர்களுக்கு, எண் ஒன்றையே காரணம் காட்டுவது நிர்வாகத்துக்குக் கடினம். ஆகவே 'உத்தரவுப்படி வேலை செய்யவில்லை', 'கற்பித்த முறையைப் பின்பற்றவில்லை' என்ற சொற்களில் எச்சரிக்கைக் கடிதம் வரும். கற்பித்த முறைகளை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுபவருக்கு எதிராக அந்தக் கடிதம் நிற்பது அரிது.

கேள்வி: வேகம் பற்றிப் பேச அலுவலக அறைக்கு அழைத்தால் என்ன செய்வது?

பதில்: வாய் திறப்பதற்கு முன் சங்கப் பிரதிநிதியைக் கேளுங்கள். தண்டனையில் முடியக்கூடும் என்று நியாயமாகக் கருதத்தக்க விசாரணையில் பிரதிநிதி உடனிருக்கவேண்டும் என்று கோரும் உரிமையை 1975இல் வெயின்கார்ட்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கோரவேண்டியது நீங்கள்; அப்படியோர் உரிமை இருப்பதை அவர்கள் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று அந்தத் தீர்ப்பு கட்டாயப்படுத்தவில்லை.

கேள்வி: எங்கள் வரிசையில் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தால் எண் தானாக இறங்கிவிடாதா, தோழரே?

பதில்: இதைச் செய்யாதீர்கள்; இதைப் பற்றிச் செய்தி அனுப்பிக்கொள்ளவும் வேண்டாம். கூடிப் பேசி வேகத்தைக் குறைப்பதற்குத் தேசியத் தொழிலுறவுச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. ஒப்பந்தத்தின் வேலைநிறுத்தத் தடையையும் அது மீறும். தனி ஒருவர் ஓடாமல், முறைப்படி, முதல் மணி நேரத்தில் இருந்த அதே சீரில் கடைசி மணி நேரத்திலும் வேலை செய்வது முற்றிலும் வேறு.

கேள்வி: ஓடி ஓடி ஏற்றினால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் அல்லவா?

பதில்: பகுதிநேரத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு மூன்றரை மணி நேர ஊதியத்தை 22ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. நீங்களே கேட்டு முன்னதாகக் கிளம்பினால் அந்த உறுதி போய்விடும். அதைவிடப் பெரிய இழப்பு, இன்று ஐந்து பேர் ஓடி முடித்த வேலைக்கு நாளை நான்கு பேரைத் திட்டமிடுவார்கள் என்பது.

கேள்வி: வேலை பின்தங்கும்போது மேற்பார்வையாளரே வந்து ஏற்றுகிறார். உதவிதானே?

பதில்: சங்கத் தொழிலாளியின் வேலையை மேற்பார்வையாளர் செய்யக்கூடாது என்பது 3ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவு, மீறினால் உரிய தொழிலாளிக்கு அந்த நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தரவேண்டும். நாள், நேரம், பெயர், செய்த வேலை ஆகியவற்றைக் குறித்துப் பிரதிநிதியிடம் கொடுங்கள். வேகக் கணக்குக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு: அவர் ஏற்றியதும் உங்கள் வரிசையின் எண்ணில் சேர்ந்துவிடுவதால், ஆள் பற்றாக்குறை தாளில் மறைந்துபோகிறது.

கேள்வி (தொழிற்பொறியியல் படித்தவர்): நீங்கள் எண்ணையே எதிரியாக்குகிறீர்கள். அளக்காமல் எப்படி மேம்படுத்துவது? உழைப்பவருக்கும் ஏய்ப்பவருக்கும் வேறுபாடு தெரியவேண்டாமா? வேலையை நேரம் பிடித்து அளந்த பொறியாளர் டெய்லர் காட்டிய வழி அதுதானே?

பதில்: டெய்லரையே எடுத்துக்கொள்வோம். 1899இல் பெத்லகேம் எஃகு ஆலையில் வார்ப்பிரும்புக் கட்டிகளை ஏற்றும் வேலையை, அவருடைய சொந்தக் கணக்குப்படி, ஆளுக்கு நாளொன்றுக்கு 12½ டன்னிலிருந்து 47½ டன்னாக உயர்த்தினார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. சுமை கிட்டத்தட்ட நான்கு மடங்கு. கூலி ஏறியதோ சுமார் அறுபது விழுக்காடு. அதுவும் அந்த வேலைக்கென்றே தேர்ந்தெடுத்த வலுவான ஆளை வைத்து நிறுவிய அளவு. தேர்ந்தெடுத்த ஒருவரின் வேகத்தை எல்லோருக்கும் இயல்பான வேகமாக்குவதுதான் நான் எதிர்ப்பது; அளப்பதை எதிர்க்கவில்லை. ஏய்ப்பவரை எண் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம்: பெல்ட்டை விட்டு அகல்கிறாரா, கைபேசியில் இருக்கிறாரா, முறையை மீறுகிறாரா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி (இன்னொருவர், இதைத் தொடர்ந்து): அப்படியானால் சங்கம் ஏன் ஓர் உச்ச எண்ணைப் பேசி எழுதிவைக்கக்கூடாது? எழுதாத எண்தான் நம்மை வதைக்கிறது.

பதில்: இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்; நேர்மையானவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். என் தரப்பு இது: உச்சமாக எழுதிய எண், கையெழுத்தான மறுநாளே குறைந்தபட்சமாகப் படிக்கப்படும். இன்று நிர்வாகம் நியாயமான உழைப்பு இல்லை என்று நிரூபிக்க உங்கள் வேலையை முழுமையாகப் பார்க்கவேண்டியிருக்கிறது. எண் எழுதப்பட்டுவிட்டால் தாளைப் பார்த்தால் போதும். பார்சல்களின் கலவை பருவத்துக்குப் பருவம் மாறும். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் உறைந்துபோன எண் மாறாது.

கேள்வி (மூன்றாமவர்): கலிஃபோர்னியாவில் 2022 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள ஏபி 701 சட்டம், இலக்கை எழுத்தில் தரவேண்டும் என்கிறதே? எழுதுவது பாதுகாப்பு என்றுதானே பொருள்?

பதில்: அந்தச் சட்டம் எந்த எண்ணையும் நிர்ணயிக்கவில்லை. முதலாளி வைத்திருக்கும் இலக்கை வெளிப்படையாகச் சொல்லச் செய்கிறது. உணவு இடைவேளையையும் ஓய்வையும் கழிப்பறைக்குப் போவதையும் தடுக்கும் இலக்கைச் செல்லாததாக்குகிறது. முதலாளியின் எண்ணை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது ஒன்று. அந்த எண்ணின்கீழ் நாமும் கையெழுத்திடுவது வேறொன்று. தவிர, அது எந்தெந்தத் தொழில்வகைக் கிடங்குகளுக்குப் பொருந்தும் என்று குறியீட்டு எண்களால் வரையறுத்திருக்கிறது. கூரியர் தொழிலின் குறியீடு அந்தப் பட்டியலில் இல்லை. பார்சல் பிரிக்கும் மையத்தில் அதைத் தூக்கிக் காட்டி ஏமாறாதீர்கள்.

கேள்வி (பொறியியல் படித்தவர், மீண்டும்): 'நியாயமான உழைப்பு' என்ற மங்கலான சொல் யாருக்கும் உதவாது. தகராறு வந்தால் யார் தீர்மானிப்பது?

பதில்: முறையீட்டுக் குழு, அங்கும் தீராவிட்டால் நடுவர். அந்த மங்கல்தான் தகராறை இரு தரப்பும் பேசியே தீர்க்கவேண்டியதாக ஆக்குகிறது. உங்களுக்கு அது குறையாகத் தெரிகிறது, எனக்கு அதுவே கவசம். இதில் நாம் உடன்படப்போவதில்லை.

கேள்வி: இறக்கும் பிரிவுக்காவது மணிக்கு எத்தனை என்று சொல்லுங்கள்.

பதில்: கேள்வியைத் திருப்பிக் கேட்டாலும் ஒப்பந்தம் மாறாது.

கேள்வி (ஓட்டுநர்): வண்டியில் உள்ள கேமரா பற்றி...

பதில்: உங்கள் மையத்தின் ஓட்டுநர் பிரதிநிதியிடம் கேளுங்கள்.

கேள்வி: மிகக் கனமான பெட்டிக்கு உதவியாளர் வரும்வரை காத்திருந்தால் எண் விழுகிறது. தனியாகத் தூக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். 70 பவுண்டுக்கு மேற்பட்ட பார்சலைத் தனியாகக் கையாள்வது ஆபத்து என்று நீங்கள் நியாயமாகக் கருதினால், உதவி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பெட்டியைப் பாதுகாப்பாக ஓரமாக வைத்து, மேற்பார்வையாளரிடம் வாய்விட்டு உதவி கேட்டு, கேட்ட நேரத்தைக் குறித்துவைத்து, அடுத்த பார்சலை எடுங்கள். மற்ற உத்தரவுகளில் இப்போது கீழ்ப்படிந்து பிறகு முறையிடுவதே வழி. உடலுக்கு ஆபத்து என்னும்போது அந்த வழி பொருந்தாது. உதவி வரத் தாமதமானால், அது ஆள் பற்றாக்குறைக்கான சான்றாக உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும்.